வெயில் காய்ந்த புத்தகங்கள்

மூன்றாம் வாய்க்கால் அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலையில் இல்லாத பொருட்கள் பல. சுவர் இடுப்பளவில் நின்றுவிட்டது. கிணறு தோண்டிய இடத்தில் பாறை வந்ததால் அது குழியாகவே கிடந்தது. ஒரு மேசையும் இரண்டு கதிரையும் ஆசிரியர்களுக்கு. மற்ற எல்லோருக்கும் வெறும் நிலம். ஆனால் அந்தப் பாடசாலைக்கு ஒரு நூலகம் இருந்தது. பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களில்கூட இப்படி ஒரு நூலகத்தைக் காணமுடியாது என்று தலைமை ஆசிரியர் கதிர்காமநாதன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அதில் பொய் இல்லை. வேறெந்த நூலகத்திலும் புத்தகங்கள் அவ்வளவு புத்தம் புதிதாக இருக்க வழியில்லை. அவற்றை யாரும் தொட்டதே கிடையாது.

நூலகம் என்றால் ஒரு கண்ணாடி அலுமாரி. யாழ்ப்பாணத்துப் புடைவைக்கடை முதலாளி ஒருவர், காலமான தன் தகப்பனின் ஞாபகார்த்தமாக அதையும் அது நிறையப் புத்தகங்களையும் லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தார். அலுமாரியின் நெற்றியில் தகப்பனின் பெயர் பெரிய எழுத்திலும், ‘நூலகம்’ என்ற சொல் இடம் மிஞ்சிய அளவிலும் எழுதப்பட்டிருந்தன. திறப்பு விழாவுக்கு முதலாளியே காரில் வந்தார். ஏழைப் பிள்ளைகளின் அறிவுக்கண் இன்றோடு திறக்கிறது என்று நெடுநேரம் பேசினார். கண் திறக்கக் காத்து நின்ற பிள்ளைகளில் ஒன்று வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தது. நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், தலைமை ஆசிரியர் அலுமாரியைத் திறந்து காட்டிவிட்டுப் பூட்டினார். பூட்டியது பூட்டியதுதான். திறப்பு விழா முடிந்த நாளிலிருந்து அலுமாரிப் பூட்டின் திறப்பு, அந்தச் சின்னச் சாவி, அவருடைய வேட்டி மடிப்புக்குள் குடியேறிவிட்டது.

இந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அறுபத்தோராம் ஆண்டின் நடுப்பகுதியில் ஜோசப்பின் ரீச்சர் வந்து சேர்ந்தாள். முல்லைத்தீவில் கரைவலை இழுக்கும் இராயப்புவின் மூத்த மகள். பயிற்சிக் கலாசாலையை முடித்து வந்த முதல் நியமனம். எந்த ஊர் விருப்பம் என்று கல்வித் திணைக்களம் கேட்டிருந்தது. கடலோரத்தில் எந்த ஊர் என்றாலும் சம்மதம் என்று அவள் எழுதியிருந்தாள். திணைக்களம் அதைக் கவனமாக வாசித்து, நாலு பக்கமும் காடு உள்ள ஊராகப் பார்த்துக் கொடுத்தது.

விசுவமடுவுக்கு உள்ளே, காடு வெட்டி, குளத்துத் தண்ணீர் பாய்ச்சி, யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி இல்லாத குடும்பங்களைக் கொண்டுவந்து இருத்திய இடம் அது. பெரியவர்கள் விடியமுன்னே வயலுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் மாடு அவிழ்த்துக் கட்டி, வாய்க்காலில் தண்ணீர் அள்ளி, தம்பி தங்கையைக் குளிக்கவார்த்து, எஞ்சிய நேரத்தில் படிக்க வந்தார்கள். கதிர்காமநாதன் வடமராட்சிக்காரர். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊருக்குப் பஸ் ஏறுவார். திங்கட்கிழமை பின்னேரம் வந்து இறங்குவார். இடைப்பட்ட நாட்களில் பாடசாலையை நடத்துவார். அதாவது, ஊருக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதுவார்.

முதல் நாள் ஐந்தாம் வகுப்பை வாசிக்கச் சொன்ன ஜோசப்பின் மலைத்துப் போனாள். வீரகத்தி என்பவரின் மகள் விமலேஸ்வரி எழும்பி நின்று, ‘நண்டும் நரியும்’ பாடத்தைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்தாள். நண்டு பேசும்போது மெல்லிய குரல்; நரி பேசும்போது இழுத்த குரல். பயிற்சிக் கலாசாலையில் ஜோசப்பினோடு படித்தவர்களே இப்படி வாசித்ததில்லை. பாராட்டலாம் என்று கிட்டப் போனவள் புத்தகத்தைப் பார்த்தாள். அது பசுவைப் பற்றிய பாடத்தில் திறந்திருந்தது. அதுவும் தலைகீழாக.

“இது என்ன பாடம், பிள்ளை?”

“நண்டும் நரியும், ரீச்சர்.”

“இதிலை ஒரு மாட்டுப் படம் எல்லே கிடக்கு?”

விமலேஸ்வரி புத்தகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். நாலு காலும் மேலே நின்ற மாட்டைக் கவலையோடு உற்று நோக்கினாள்.

“செத்துப்போச்சுது போல கிடக்கு, ரீச்சர்.”

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அது செத்த மாடாகத்தான் தெரிந்தது. ஜோசப்பின் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தாள். எல்லோருக்கும் முழுப் புத்தகமும் மனப்பாடம். ஒருவருக்கும் ஓர் எழுத்தும் தெரியாது. பள்ளிக்கூடம் தொடங்கிய காலம் முதல் அதே வாசிப்புப் புத்தகம். மூத்தவர்கள் வீட்டில் சொல்ல, இளையவர்கள் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கி, முதலாம் வகுப்புக்கு வரும்போதே படிப்பை முடித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

அவள் தலைமை ஆசிரியரிடம் போனாள்.

“சேர், ஐஞ்சாம் வகுப்பிலை ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது.”

கதிர்காமநாதன் விண்ணப்பத்திலிருந்து தலையை எடுத்தார். “ஆர் சொன்னது? இன்ஸ்பெற்றர் ஐயா ஒவ்வொரு வருசமும் வந்து என்ன எழுதிப்போட்டுப் போறவர் எண்டு தெரியுமே? ‘வாசிப்பு மிகத் திறம்.’”

“பாடமாக்கி வைச்சிருக்குதுகள், சேர். புத்தகத்தைப் பாக்கிறதேயில்லை.”

“பாக்காமலே வாசிக்குதுகள் எண்டால் அது இன்னும் திறம் எல்லே.”

ஜோசப்பின் அலுமாரியைக் காட்டினாள். “திறப்பைத் தாறீங்களோ, சேர்? அதுகள் காதாலை கேட்டிராத கதை ஏதாவது வேணும். அப்பத்தான் எழுத்தைப் பாக்குங்கள்.”

அவர் கை தன்னை அறியாமல் வேட்டி மடிப்பைப் பொத்தியது. “பிள்ளை, நீர் புதுசு. உது நூலகம். உதுகளின்ரை கையிலை குடுத்தால் ஊத்தையாக்குங்கள், கிழிக்குங்கள். பேந்து நான் இன்ஸ்பெற்றருக்கு என்னத்தைக் காட்டுறது? முதலிலை வாசிக்கப் பழக்கும். பழகினாப்போலை குடுப்பம்.”

“புத்தகம் இல்லாமல் எப்பிடிப் பழக்கிறது, சேர்?”

“அதுக்குத்தானே உம்மை அரசாங்கம் படிப்பிச்சு அனுப்பியிருக்கு.”

அரசாங்கம் படிப்பித்ததை எல்லாம் ஜோசப்பின் செய்து பார்த்தாள். கரும்பலகையில் தானே கதை எழுதினாள். மூன்று மாதத்துக்கென்று வந்த சோக்கட்டி மூன்று கிழமையில் முடிந்தது. மண்ணில் விரலால் எழுதப் பழக்கினாள். மத்தியானக் காற்று வந்து பாடத்தை அழித்துவிட்டுப் போனது. கூட்டுறவுக் கடையில் பழைய பேப்பர் கேட்டால், சீனி சுத்தத் தங்களுக்கே காணாது என்றார்கள். வேளைக்கு வேளை துடைக்கப்பட்ட கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் புத்தகங்கள் மட்டும் ஆஸ்பத்திரி நோயாளியைப்போல் சுகமாக இருந்தன. பிள்ளைகள் அலுமாரிக்கு முன்னால் போகும்போது சிலர் கும்பிட்டுவிட்டுப் போனதையும் அவள் பார்த்தாள். முதலாளியின் தகப்பன் ஏதோ சாமி என்று நினைத்திருக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம், பஸ்ஸால் இறங்கி வந்த தலைமை ஆசிரியரை ஜோசப்பின் வாசலிலேயே மறித்தாள். அவள் முகத்தில் சாவீட்டுக்களை.

“சேர், பதறாதேங்கோ. கறையான்.”

“எங்கை?”

அவள் அலுமாரியைப் பார்த்தாள். உண்மையில் கறையான் இருந்தது பள்ளிக்கூடத்தின் மறு கோடியில், கூரையைத் தாங்கிய ஒரு பாலைமரக் கப்பில். இதைப்பற்றி அவள் பிறகு பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாளா இல்லையா என்பது அவளுக்கும் முல்லைத்தீவுச் சுவாமியாருக்கும் இடையிலுள்ள விஷயம்.

கதிர்காமநாதன் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு வேட்டி மடிப்பைத் தடவித் திறப்பை எடுத்தார். அலுமாரியைத் திறந்ததும் புத்தகங்களிலிருந்து புதுக் காகித வாசமும் பசை வாசமும் வந்தன. அவருக்கு அது கறையான் வாசமாகவே பட்டது.

“இப்ப என்ன செய்யிறது, பிள்ளை?”

“வெயில் காட்டவேணும், சேர். பாயிலை பரப்பிப்போட்டு ஒவ்வொரு தாளாப் பிரட்டிப் பாக்கவேணும். முட்டை சரியான சின்னன். மெய்யெழுத்துக்கு மேலை போடுற குத்து அளவுதான் இருக்கும்.”

“அப்ப எழுத்தெழுத்தாப் பாக்கவேணும்” என்றார் தலைமை ஆசிரியர்.

“ஓம், சேர். நீங்கள் சொல்லுறது சரிதான்” என்றாள் ஜோசப்பின்.

மறுநாள் காலையில் அவரே பிரம்போடு நின்று கட்டளை போட்டார். எல்லோரும் கை கழுவவேண்டும். ஆளுக்கொரு புத்தகம். எழுத்துக்குக் கீழே விரல் வைத்து, வரி தவறாமல் பார்க்கவேண்டும். ஒரு வரியைத் தாண்டினாலும் அடி விழும். பிள்ளைகள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது என்பதற்காக இவ்வளவு பாடுபட்ட தலைமை ஆசிரியர் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார். தான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாததுதான் அதில் சிறப்பு.

முற்றத்தில் பாய் விரித்து, பாலைமர நிழலின் ஓரமாகப் பிள்ளைகள் குந்திக்கொண்டு பூச்சி தேடினார்கள். ஜோசப்பின் அவர்களுக்கிடையில் நடந்தாள்.

“ரீச்சர், இந்த எழுத்துக்கு முன்னாலை ஏதோ வளைஞ்சுகொண்டு நிக்குது. பூச்சியோ?”

“அது பூச்சி இல்லை. ஒற்றைக்கொம்பு. அது முன்னாலை நிண்டால் ‘க’ எண்டிறது ‘கெ’ ஆயிடும். சொல்லு.”

“கெ.”

“பின்னாலையும் ஒண்டு நிக்குதே, ரீச்சர், அது?” என்றது அதே பிள்ளை.

“அரவு. துணைக்கால் எண்டும் சொல்லுவினம். ரெண்டும் சேர்ந்து வந்தால் ‘கொ’.”

இப்படியே நாட்கள் போயின. பூச்சி அகப்படவில்லை, எழுத்துகள் அகப்பட்டன. வெயில் காட்டல் ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டியது. ஆனால் கிழமைக்குக் கிழமை ஜோசப்பின் ஏதாவது ஒரு புத்தகத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, “இன்னும் விட்டபாடில்லை, சேர்” என்பாள். புத்தகங்களுக்கு மறுபடியும் வெயில்.

ஒருநாள் விமலேஸ்வரி விரல் வைத்து ஊர்ந்துகொண்டிருந்தவள், தாளின் கடைசி வரியில் நின்றாள். ‘க-த-வை-த் தி-ற-ந்-தா-ள். உ-ள்-ளே’ என்று சொல்லிவிட்டு ஜோசப்பினை அண்ணாந்து பார்த்தாள்.

“உள்ளை என்ன, ரீச்சர்?”

“எனக்கெப்பிடித் தெரியும்? அடுத்த பக்கத்தைப் பிரட்டிப் பார்.”

அவள் உடனே பிரட்டவில்லை. கண்ணுக்கு முன்னால் யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். திறந்தது இந்தக் கறுப்பு வளைவுகள்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் எட்டியது. உள்ளே போகப் பயந்ததுபோல் கொஞ்ச நேரம் தாளின் நுனியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு பிரட்டினாள். ஜோசப்பின் வேறு பக்கம் திரும்பி, ஒரு காரணமும் இல்லாமல் மூக்கைச் சீறினாள்.

அதைவிடப் பெரிய விபத்து தலைமை ஆசிரியருக்கு நேர்ந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் காவல் நின்றவர், இராசேஸ்வரி என்ற பிள்ளை பிடித்திருந்த தடித்த புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். கடற்கொள்ளைக்காரரைப் பற்றிய நாவல். பரீட்சைக்குப் படித்த காலத்துக்குப் பிறகு அவர் விண்ணப்பங்களைத் தவிர வேறெதையும் வாசித்ததில்லை. இராசேஸ்வரி தாளைப் பிரட்டக் கை வைத்தாள்.

“பொறு” என்றார் அவர். “அந்த மூலையிலை ஏதோ அசைஞ்சது.”

இராசேஸ்வரி காத்திருந்தாள். கொஞ்சம் பொறுத்து, “சரி, பிரட்டு” என்றார். அடுத்த பக்கத்திலும் ஏதோ அசைந்தது. அதற்கடுத்த பக்கத்தில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. “இந்தப் புத்தகம் சரியான சந்தேகம். இஞ்சை தா, நானே பாக்கிறன்” என்று வாங்கிக்கொண்டு கதிரைக்குப் போனார். அந்த வெள்ளிக்கிழமை பஸ் வந்து ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு, அவரில்லாமலே போய்விட்டது.

ஐப்பசியில் மழை பிடித்தது. வெயில் என்ற சாட்டு போயிற்று. ஒருநாள் காலை வந்து பார்த்தால், கிடுகுக் கூரையால் ஒழுகிய தண்ணீர் நேராக அலுமாரியின் தலையில் இறங்கி, முதலாளியின் தகப்பனுடைய பெயரில் பாதியைக் கழுவிக்கொண்டு போயிருந்தது.

“சேர், பிள்ளையளின்ரை வீட்டிலை அடுப்புக்கு மேலை பரண் இருக்கு. குசினிப் புகைக்குப் பூச்சியும் வராது, ஈரமும் பிடிக்காது. வீட்டுக்கொண்டு குடுத்துவிட்டால் மாரி முடிய மட்டும் பத்திரமா இருக்கும்” என்றாள் ஜோசப்பின்.

கதிர்காமநாதன் நனைந்த அலுமாரியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்பது அன்றைக்காவது அவருக்கு விளங்கியிருக்கலாம். விளங்கியதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. “அந்தக் கடற்கொள்ளைக் கப்பல் புத்தகத்தின்ரை ரெண்டாம் பாகத்தை மட்டும் குடுக்காதையும். அது என்ரை அறையிலை பத்திரமா இருக்கட்டும்” என்றார்.

தை பிறந்ததும் கதிர் முற்றியது. கிளிகள் வந்தன. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டு வரவு இடாப்பில் குறிப்பது சும்மா ஒரு சடங்காயிற்று. பிள்ளைகள் எல்லாம் வயலில் கிளி கலைக்கப் போய்விட்டார்கள். வருடாவருடம் நடப்பதுதான் என்று கதிர்காமநாதன் சொன்னார். எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிள்ளைகள் இந்த இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் கிளிக்குக் கொடுத்துவிட்டு வரப்போகிறார்கள் என்று ஜோசப்பின் கவலைப்பட்டாள்.

அப்போதுதான் வீரகத்தி வந்தார். வீரகத்தி பள்ளிக்கூட வாசலை மிதிப்பது மகளை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு மட்டும்தான். மகளோ ஏற்கெனவே வயலில். ஜோசப்பின் எழும்பி, சண்டைக்குத் தயாராக நின்றாள். அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மடியிலிருந்து புகை மணக்கும் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

“ரீச்சர், இது முடிஞ்சுது. வேறை ஒண்டு தாங்கோ.”

“விமலேஸ்வரி வாசிச்சு முடிச்சிட்டாளோ?”

“அது எனக்கென்ன தெரியும்? அவள் காவல் கொட்டிலிலை இருந்து எழுத்துக்கூட்டிக் கத்துற சத்தத்துக்கு என்ரை வயலிலை ஒரு கிளி இறங்கேல்லை. பக்கத்திலை அப்புத்துரையின்ரை வயலைப் போய்ப் பாருங்கோ, அரைவாசி இல்லை.”

“நல்லதுதானே.”

“என்ன நல்லது? ரெண்டாம் தரம் வாசிக்கேக்கை சத்தம் குறைஞ்சு போச்சுது. இப்ப வாய்க்குள்ளை வாசிக்கிறாள். கொட்டிலுக்குள்ளை பிள்ளை இருக்கோ இல்லையோ எண்டே தெரியேல்லை. கிளி வந்திட்டுது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “லேசான புத்தகம் சரிவராது, ரீச்சர். தெரியாத எழுத்துக் கனக்க இருக்கிறதாப் பாத்துத் தாங்கோ. கஷ்டமாயிருந்தால் நல்லாக் கத்துவாள்.”

ஜோசப்பின் சிரிப்பை அடக்க மேசை லாச்சியைத் திறந்து தேடுவதுபோல் குனிந்தாள். கொடுக்கக்கூடியதில் மிகக் கடினமானது விஞ்ஞானப் புத்தகம் ஒன்று. அதைக் கொடுத்தாள். வீரகத்தி எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்துத் திருப்தியோடு போனார். அடுத்த நாள் அப்புத்துரை வந்து, தன் மகனுக்கு வீரகத்தியின் மகளுடையதைவிடத் தடித்த புத்தகம் வேண்டும் என்று நின்றார். அறுவடை தொடங்குமுன் மூன்றாம் வாய்க்கால் வயல்களில் கொட்டிலுக்குக் கொட்டில் காந்த சக்தியும், கடற்கொள்ளையும், உள்நாட்டு வர்த்தகமும் உரத்த குரலில் எழுத்துக்கூட்டப்பட்டன. முதலாளி சொன்ன அறிவுக்கண்ணைப் பற்றித் தெரியாது. கிளிகளுக்கு நிச்சயமாகக் காது அடைத்திருக்கும்.

பங்குனியில் வித்தியாதரிசி வருகிறார் என்று செய்தி வந்தது. வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களை எல்லாம் ஆண்டுக்கொரு தரம் வந்து பார்த்து எழுதும் பெரிய உத்தியோகத்தர் அவர்; கதிர்காமநாதன் சொன்ன இன்ஸ்பெற்றர் ஐயா. இந்த முறை கதிர்காமநாதனின் மாற்றத்துக்குச் சிபாரிசு எழுதித் தருவதாக வாக்கும் கொடுத்திருந்தார். புத்தகங்களை எல்லாம் திருப்பிக் கேட்டார்கள். ஒன்றுகூடக் குறையாமல் வந்து சேர்ந்தன. புகைக்கரி பிடித்து, மஞ்சள் விரல் பதிந்து, சில கிளி எச்சத்தோடு. கதிர்காமநாதன் ஒவ்வொன்றையும் வாங்கும்போது முனகினார். உள்ளதில் சுத்தமானவற்றை முன்வரிசையிலும், தன் அறையிலிருந்த கப்பல் புத்தகத்தை மேல்தட்டிலும் அடுக்கிவிட்டு அலுமாரியைப் பூட்டினார்.

வித்தியாதரிசி ஜீப்பில் வந்தார். கக்கத்தில் அன்றையப் பேப்பர். இளநீர் குடித்தார், வியர்வை துடைத்தார், வழக்கம்போல் ஐந்தாம் வகுப்பை வாசிக்கச் சொன்னார். வழக்கம்போல் தலைமை ஆசிரியர் விமலேஸ்வரியிடம் வாசிப்புப் புத்தகத்தை நீட்டினார். வழக்கத்துக்கு மாறாக விமலேஸ்வரி அதைப் பார்த்தாள்.

அங்கேதான் வினை. “ஒ-ரு ஆ-ற்-றங்-க-ரை-யிலே” என்று விரலால் தொட்டுத் தொட்டுப் போனவள், நரி பேசும் இடத்தில் நின்றுவிட்டாள். முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்தாள்.

“என்ன மாஸ்ரர் இது?” என்றார் வித்தியாதரிசி. “போன வருசம் வாசிப்பு இவைக்குத் தண்ணி பட்ட பாடெல்லே? இப்ப நொண்டுது.”

“ஐயா, நாங்கள் போன வருசம் சொன்னது பிழை” என்றாள் விமலேஸ்வரி. “நரி ‘வா மருமகனே’ எண்டு சொல்லேல்லை. இதிலை ‘வா நண்பனே’ எண்டுதான் கிடக்கு. மருமகனை ஆரோ இடையிலை போட்டிட்டினம்.”

“வாயும் வளந்திருக்கு” என்று வித்தியாதரிசி குறித்துக்கொண்டார். பிறகு அலுமாரியைத் திறக்கச் சொன்னார். முன்வரிசைக்குப் பின்னால் கை விட்டு ஒன்றை உருவினார். அவருடைய விரலில் கரி ஒட்டியது. “ஆர் இதுகளைப் பிள்ளையளிட்டைக் குடுத்தது?”

“நான்தான், சேர்” என்றாள் ஜோசப்பின்.

“ஒரு வருசம் ஆகேல்லை, வாசிப்பும் போச்சு, நூலகமும் போச்சு. உம்மிலை முறைப்பாடு எழுதவேண்டி வரும், ரீச்சர். மிஞ்சினதையெண்டாலும் நான் கல்விக் கந்தோருக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைக்கிறன்.” அவர் சாரதியைக் கூப்பிட்டு, மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். முதலில் கைக்கு வந்தது கப்பல் நாவலின் இரண்டாம் பாகம்.

கதிர்காமநாதன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜோசப்பின் அவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை. சிபாரிசுக் கடிதம் வித்தியாதரிசியின் பையில் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் அடுத்த தவணை அவர் ஊரில். அந்தப் புத்தகம் சாரதியின் கைக்கு மாறியதைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரியாயிற்று.

“ஐயா, கொஞ்சம் பொறுங்கோ.”

அவர் வாசிப்புப் புத்தகத்தை எடுத்து, எங்கேயோ ஒரு பக்கத்தைத் திறந்து, தலைகீழாகப் பிடித்து, இரண்டாம் வகுப்பில் முன்னுக்கு இருந்த யோகலிங்கத்திடம் கொடுத்தார். “வாசி.”

யோகலிங்கம் எழும்பி, நரியின் இழுத்த குரலோடு ‘நண்டும் நரியும்’ பாடத்தை மருமகன் உட்பட ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

“வாசிப்பு மிகத் திறம்” என்றார் கதிர்காமநாதன். “உங்கடை கையெழுத்திலை அப்பிடித்தான் கிடக்கு. வருசா வருசம்.”

வித்தியாதரிசி தலைகீழாக நின்ற புத்தகத்தைப் பார்த்தார். கழுத்தைச் சரித்தும் பார்த்தார்.

“இப்ப உங்கடை பேப்பரை அந்தப் பிள்ளையிட்டைக் குடுத்துப் பாருங்கோ.”

பேப்பர் கை மாறியது. விமலேஸ்வரி அதைப் பாதியாக மடித்து, விரலை வைத்து, மந்திரி ஒருவர் துறைமுகத்தைப் பார்வையிட்ட செய்தியை மெல்ல மெல்ல வாசித்தாள். ‘துறைமுக’த்தில் இரண்டு தரம் இடறினாள், பிறகு எழும்பினாள். முடித்துவிட்டு, “ஐயா, பார்வையிட்டார் எண்டால் பாத்தவர் எண்டதுதானோ? அப்ப ஏன் பாத்தார் எண்டு போடாமல் விட்டவை?” என்று கேட்டாள். அரசாங்க உத்தியோகத்தர் எவருக்கும் அதற்குப் பதில் தெரிந்திருக்காது. வித்தியாதரிசி பேப்பரைத் திருப்பி வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அவருடைய நிலைமை இக்கட்டானது. வாசிப்பு முன்னேறியிருக்கிறது என்று எழுதினால், இவ்வளவு காலமும் தான் செத்த மாட்டைப் பாராட்டினேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பின்னடைந்திருக்கிறது என்று எழுதினால், இந்த மனிதன் யோகலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்கே வந்துவிடுவான். அனுபவசாலியாகையால் அவர் ‘திருப்தி’ என்று ஒரே சொல்லில் எழுதினார். புத்தகங்களுக்கும் வழி கண்டார். பிள்ளைகள் எடுத்துப் பாவித்த புத்தகம் என்றால் ஏன் அழுக்கானது என்று விளக்கம் கேட்கவேண்டும்; பாவனைக்கு உதவாத புத்தகம் என்றால் ஒன்றும் கேட்கவேண்டியதில்லை. ஆகவே முழு நூலகத்தையும் பாவனைக்கு உதவாதது என்று கழித்துவிட்டு, தகுந்த முறையில் அப்புறப்படுத்தும்படி தலைமை ஆசிரியருக்கு உத்தரவிட்டார். அன்று பின்னேரமே பிள்ளைகள் அவற்றைத் தகுந்த முறையில் தங்கள் வீடுகளுக்கு அப்புறப்படுத்தினார்கள். சிபாரிசுக் கடிதம் பையிலிருந்து வெளியே வரவேயில்லை.

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபின், ஜோசப்பின் தலைமை ஆசிரியருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏன் சேர் சொன்னீங்கள்? உங்கடை மாற்றம் போச்சுதே.”

“உமக்கென்ன தெரியும்” என்றார் அவர், சாரதியிடமிருந்து மீட்ட புத்தகத்தின் மேலட்டையைத் துடைத்தபடி. “அந்த மனிசனைப் பாய்மரத்தோடை கட்டிப்போட்டுக் கிடக்கு. அவிழ்க்கிறாங்களோ, கொல்லுறாங்களோ எண்டு தெரியாமல் நான் ஊருக்குப் போய் என்ன செய்யிறது?”

ஜோசப்பின் அந்தப் பாகத்தை எப்போதோ வாசித்து முடித்திருந்தாள். சொல்லவில்லை. அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தாள்; அகப்படவில்லை.

சித்திரை வந்தது. மூன்றாம் வாய்க்காலில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். ஆறாம் வகுப்பு உள்ள பள்ளிக்கூடத்துக்கு யானை திரியும் காட்டுப் பாதையால் போகவேண்டும். ஐந்தை முடித்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வயலுக்குப் போக ஆயத்தமானார்கள். கதிர்காமநாதன் ஆறாம் வகுப்பு கேட்டுத் திணைக்களத்துக்கு எழுதினார்; விண்ணப்பம் எழுதுவதில் அவருக்கு இருந்த பயிற்சி கொஞ்சமல்ல. அந்தத் தரத்துக்கு அங்கே கட்டடம் இல்லை என்று பதில் வந்தது. ஐந்தாம் வகுப்புக்கும் கட்டடம் இல்லை என்பதைத் திணைக்களம் கவனிக்கவில்லை.

“பிள்ளை, ஐஞ்சாம் வகுப்பிலை பெயிலான பிள்ளையள் அதே வகுப்பிலை இன்னொரு வருசம் இருக்கலாம். சட்டத்திலை இடமிருக்கு” என்றார் அவர் ஒருநாள்.

“ஆர் சேர் பெயில்? எல்லாரும் பாஸ்.”

“இனி இல்லை.”

அவ்வாறே ஐந்தாம் வகுப்பில் அத்தனை பேரும் தவறினார்கள். தவறியவர்களுக்குப் பாலைமரத்தின் கீழ் ஆறாம் வகுப்புப் பாடம் தொடங்கியது. தமிழும் சரித்திரமும் ஜோசப்பின்; கணக்கு தலைமை ஆசிரியர். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்குப் பஸ் நினைவு வராமல் பின்னமும் தசமமும் ஓடிக்கொண்டிருந்தன. ஊருக்கு மாதம் ஒருமுறை போனார்.

செய்தி குடியேற்றத்தில் பரவியது. ஒரு காலை, வீரகத்தி மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜோசப்பின் எழும்பி நின்றாள்; இந்த மனிதருக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று வார்த்தை தேடினாள்.

“ரீச்சர், பிள்ளை பெயிலாமே?”

“ஓம், அண்ணை. அது வந்து, எழுத்திலை மட்டும்தான்...”

“மெய்யோ பொய்யோ, அது எனக்குத் தேவையில்லை.” அவர் மண்வெட்டியை இறக்கி ஊன்றிக்கொண்டு, கரும்பலகையில் இருந்த தசமக் கணக்கைச் சிறிது நேரம் நின்று பார்த்தார். “பெயிலான பிள்ளை நேற்று என்ரை வரம்பையெல்லாம் அளந்து, வயலின்ரை பரப்பு இவ்வளவு எண்டு சொல்லுறாள். காணிக் கந்தோர்க்காரன் சொன்னதுக்கும் அதுக்கும் வித்தியாசமில்லை. அதுதான் கேட்டுப்போட்டுப் போக வந்தனான். இன்னும் ரெண்டு மூண்டு வருசத்துக்குப் பெயில் விட ஏலுமோ?”